இரண்டு திருகாணிகள்

செப்டம்பரில் நகராட்சிக்காரர்கள் வந்து
தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள்.
புந்தா அரேனாஸில் காற்றுக்காலம் அப்படித்தான் தொடங்கும்.
ஏழு வயதில் டான்கோ கயிற்றை விட்டுவிட்டு
கோட்டை இரு கையாலும் விரித்து
காற்றின் மேல் சாய்ந்து நிற்பான்.
விழமாட்டான்.
பிடிக்க ஓடி நான்தான் விழுவேன்.

இப்போது பதினாறு.
சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.
பள்ளியிலிருந்து மூன்று கடிதம்.
முதலில் சோம்பல் என்றேன்.
பிறகு எல்லாம் அந்தப் போனால் என்று
போனைப் பிடுங்கி வைத்தேன்.
அவன் அதைத் திருப்பிக் கேட்கவேயில்லை.
அன்றைக்குத்தான் பயந்தேன்.

படகில் வேலை எனக்கு.
நீரிணையைத் தாண்டிப் போர்வெனீர் போகும் படகு.
லாரிகள், ஆடுகள், சில சமயம் ஒரு சவப்பெட்டி.
சக்கரங்களுக்குக் கட்டை வைப்பேன்.
எந்த அலை எந்தப் பக்கம் தள்ளும் என்று
உள்ளங்காலுக்குத் தெரியும்.
வீட்டுத் தரை சாய்ந்தது
தெரியவில்லை.

யாஸ்னா ஒன்றும் பேசாமல்
மருந்து அலமாரியைக் காலி செய்தாள்.
நான் ஸ்க்ரூடிரைவர் எடுத்து
அவன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன்.
படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.
"இடப்பக்கமா திருப்புங்க" என்றான்.
அந்த வாரம் அவன் பேசியது அவ்வளவுதான்.

சுகாதார நிலையத்தில் ஒரு சின்னப்பெண், டாக்டராம்,
கேட்டுவிடுங்கள் என்றாள்.
சுற்றி வளைக்காமல், அந்தச் சொல்லைச் சொல்லியே.
நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடாதா என்றேன்.
கேட்பதால் வராது, என்றாள்.
ஏற்கெனவே வந்திருந்தால்
அவனோடு தனியாக இருக்காது.

ஒன்பது நாள் கேட்கவில்லை.
எஞ்சின் இரைச்சலில் ஒத்திகை பார்த்தேன்,
ஆடுகளின் முன்னால்.
ஆடுகளிடமும் முழு வாக்கியம் வரவில்லை.

பத்தாம் நாள், பெட்ரோல் பங்கில், காருக்குள்.
காரென்றால் முகம் பார்க்க வேண்டாம்.
"டான்கோ, சாகணும்னு தோணுதா?"
வெளியே எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.
பங்க் பையன் விசிலடித்தபடி
கண்ணாடி துடைத்தான்.
"சில நாள்" என்றான்.
கண்ணாடியில் நுரை வழிந்து இறங்கியபின்
"நேத்து இல்ல" என்றான்.

அதற்கு நான் என்ன சொன்னேன்?
"காசு குடுக்கணும், அந்தப் பர்ஸை எடு."
இரவெல்லாம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.
எடுத்துக் கொடுத்தானா, என்றாள் யாஸ்னா.
கொடுத்தான்.
சரி, என்று திரும்பிப் படுத்தாள்.
அவளும் தூங்கவில்லை.

பிறகு மாத்திரை. வியாழன்தோறும் அந்தச் சின்னப்பெண்.
ஒரு நல்ல வாரம் வந்தது.
படகில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.
அடுத்த வாரம் மறுபடி சுவர்.
எங்கள் அப்பா இதை பெல்ட்டால் சரிசெய்திருப்பார்.
பெல்ட்டைக் கழற்றும் ஒவ்வொரு இரவும்
அது ஞாபகம் வந்து, மெதுவாகக் கழற்றினேன்.

காற்று மிஞ்சினால் அக்கரைத் துறையை மூடிவிடுவார்கள்.
விளக்குகள் தெரியும், ஒதுங்க முடியாது.
எப்போது சேருவோம் என்று பயணிகள் என்னைத்தான் கேட்பார்கள்.
தெரியாது என்று சொல்லச் சம்பளம் வாங்குகிறேன்.
அதையே வீட்டில் சொல்லத்தான்
வாய் வரவில்லை.

டிசம்பர் முடியும்போது கயிறுகளை அவிழ்த்தார்கள்.
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்.
ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
"அப்பா, என் தாழ்ப்பாள்" என்றான்.

யாஸ்னா என்னைப் பார்த்தாள்.
டாக்டருக்குப் போன் செய்யலாமா?
இந்நேரத்தில் யார் எடுப்பார்கள்?
கருவிப்பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன்.
நான்கு திருகாணியில் இரண்டைக் காணோம்.

இருந்த இரண்டை முடுக்கினேன்.
தோளால் ஒரு தள்ளு தள்ளினால் பெயர்ந்துவிடும்.
அவனுக்கும் தெரியும். ஆட்டிப் பார்த்தான்.
"போதும்" என்றான்.

தாழ் விழுந்தது.
ஸ்க்ரூடிரைவரோடு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
உள்ளே ஏதோ பாட்டு, தலைவலிக்கிற சத்தத்தில்.
குறை என்று சொல்ல
எனக்கென்ன பைத்தியமா?